மடித்த இலையின் கனம்

வாழையிலையை மடித்து வைத்துவிட்டால், அதில் சாப்பிட்டவர் யார், சாப்பிடாதவர் யார் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இலையை எடுக்கிற கைக்குத்தான் தெரியும். உண்ட இலை லேசாகப் புரளும். உண்ணாத இலை ஈரத்துணி மூட்டையைப் போலத் தொங்கும். சென்னையை ஒட்டிய கரையான்சாவடியில், டயர்க் கடை ஒன்றின் மாடியில் இயங்கிய எங்கள் சங்கத்தில் நான் சேர்ந்தபோது, சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தேன். புதியவள் என்பதால் இலை எடுக்கும் வேலை எனக்கு வந்தது. மனிதர்கள்மீது எனக்கு உண்டான அருவருப்பு அந்த மொட்டைமாடியில் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது முழுதாக நீங்கிவிட்டதென்று சொல்ல முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எண்பதுகளின் இறுதியில், நான் கல்லூரியில் படித்த காலத்தில், எச்.ஐ.வி. என்பது செய்தித்தாளின் உள்பக்கத்தில் எப்போதாவது வரும் வெளியூர்ச் செய்தியாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. வந்த வீடுகளில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ‘அந்தச் சீக்கு’ என்பார்கள். நோயை மட்டுப்படுத்தும் மருந்துகள் வெளிநாட்டில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்களிடம் வந்தவர்களுக்கு அவை எட்டாதவை. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவது, காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது, இறந்தவரை ஏற்றிச் செல்ல மறுக்கும் வண்டிக்காரரிடம் பேசிச் சம்மதிக்கவைப்பது ஆகியவையே எங்களால் முடிந்தவை. இவற்றைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். சங்கம் இல்லாவிட்டால் இவற்றையும் செய்ய அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

சங்கத்தைத் தொடங்கியவர் செயலாளர். மேனாம்பேட்டுக்காரர், தொழிற்பேட்டையில் வேலைபார்த்து, தொழிற்சங்கத்தில் தலைமை வகித்து, ஓய்வுபெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இளம்வயதில், ஊராரும் சேரியாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட சமபந்தி ஒன்றை அவர் பார்த்திருந்தார். அந்தக் காட்சி அவருக்குள் ஒரு வேதவாக்கியத்தைப் போலப் பதிந்துபோயிருந்தது.

“ஒரே ஒரு வேளை கூட உக்காந்து சாப்ட்டா போதும்மா. பயம் தன்னால ஓடிடும்” என்பார்.

ஆகவே மாதந்தோறும் சங்கத்தின் மொட்டைமாடியில் சமபந்தி நடந்தது. வழக்கமான சமபந்தியில் அவர் ஒரு மாற்றத்தைச் செய்திருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் பரிமாறுவார்கள், அழைக்கப்பட்ட ஊர்ப்பெரியவர்கள் உண்பார்கள். அதாவது, பாதிக்கப்பட்ட ஒருவர்கூட அந்தச் சமபந்தியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இதை நான் ஒருமுறை சுட்டிக்காட்டியபோது, “அவங்கள உக்கார வச்சா வர்றவங்க தள்ளி உக்காருவாங்கம்மா” என்றார். அவருடைய பதிலில் இருந்த முரண்பாடு அவர் கண்ணில் படவில்லை.

வந்தவர்களின் சாமர்த்தியங்களை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. ஒருவர் சோற்றில் குழிபறித்துச் சாம்பாரை வாங்கி, குழியை மூடிவிட்டு, ஓரத்தை மட்டும் விரலால் கிளறிக்கொண்டிருப்பார். இன்னொருவர் வாயை அசைப்பார். வாயில் ஒன்றும் இருக்காது. ஒருவருக்கு விரதம், ஒருவருக்குச் சர்க்கரை. கைகழுவ வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்த கனவான் ஒருவரும் இருந்தார். உண்டு முடித்ததாக எழுந்து, கைகூப்பி, ‘இவர்களும் நம் சகோதர சகோதரிகளே’ என்று அவர்கள் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்புறத்துக் குப்பைத் தொட்டியருகே நானும், பரிமாறுகிறவர்களில் ஒருவரான தையல்கார அக்காவும் அவர்கள் மடித்துவைத்த இலைகளைச் சுமந்துகொண்டிருப்போம்.

“இன்னா மேடம், பாத்தியா. வாழப்பழம் மட்டும் எல்லா இலையிலயும் காலி” என்றார் அக்கா ஒருநாள்.

“ஏன்க்கா?”

“அதுக்குத் தோல் கீதுல்ல. நம்ம சோத்துக்கும் ஒரு தோல போட்டுக் குடுத்தா துன்னுட்டுப் போவாங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தார். கணவர் இறந்தபின் சோதித்துப் பார்த்ததில் அவருக்கும் இருப்பது தெரியவந்தது, மகளுக்கு இல்லை. ஒரு பழைய விவசாயக் குடும்பத்து வீட்டின் பின்கட்டில் அவருக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைத்திருந்தது. சன்னலோரம் தையல் மிஷின். அந்தத் தெருப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் அவர் தைத்தவை. மகளின் பள்ளிக்கூடம் தெருமுனையில். கணவர் காசநோயில் இறந்தார் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த அறை போனால் வேலையும் வாடிக்கையும் பிள்ளையின் படிப்பும் அதோடு போய்விடும். உறவென்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை. தெருவில் எவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே பஸ் மாறிப் பஸ் ஏறி இவ்வளவு தூரம் தள்ளி எங்கள் சங்கத்துக்கு வந்துகொண்டிருந்தார். பரிமாறுவதில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. மாத்திரையும் அரிசியும் கொடுக்கிற செயலாளர் கேட்டபோது மறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ‘யாருடைய முகத்தையும் படம் எடுக்கமாட்டோம்’ என்ற வாக்குறுதியின்மேல்தான் கரண்டியைக் கையிலெடுத்தார்.

அந்த வாக்குறுதியைப் பொய்யாக்கியவர் ஒரு கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியிருந்த சமயம். அவர் சிறப்பு விருந்தினராக வந்தார். தம்முடன் ஒரு படக்காரரையும் அழைத்துவந்திருந்தார். ‘சங்கத்தின் ஆவணத்துக்காக’ என்று செயலாளரிடம் சொன்னாராம். அக்கா சோறு போடக் குனிந்தார், ஒளி மின்னியது. மண்டபத்துக்காரர் கையை இலையில் வைத்து, கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தபடி இருந்தார். அன்று அவருடைய இலையை அக்காதான் எடுத்தார். எடுத்தபோதே என்னைத் திரும்பிப் பார்த்தார். அது போட்ட கனத்திலேயே இருந்தது.

இரண்டு வாரங்களுக்குள் ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டைவரை சுவர்களில் போஸ்டர் ஒட்டப்பட்டது. ‘எய்ட்ஸ் நோயாளியின் கரத்தால் உணவருந்திய மனிதநேயச் செம்மல்’ என்று பெரிய எழுத்து. கீழே அவர் சிரிப்பு. அவர் இலைக்கு மேலே, கரண்டியுடன், அக்காவின் முழு முகம். முத்தாபுதுப்பேட்டைப் பஸ் நிறுத்தத்தின் சுவரிலும் ஒன்று இருந்தது.

மறுநாளே தைக்கக் கொடுத்திருந்த துணிகளைத் திரும்பக் கேட்டு வந்துவிட்டார்கள். அளவு எடுத்து வெட்டியவற்றைக்கூட வாங்கிப்போனார்கள். சிலர் குச்சியில் மாட்டி எடுத்துச் சென்றார்கள். வாசற்படியில் பிளீச்சிங் பவுடர் கொட்டப்பட்டிருந்தது. வீட்டுக்காரம்மா அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்.

செயலாளரும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். மாட்டுக் கொட்டகைக்கு முன்னால், வைக்கோலை உதறிக்கொண்டே எங்களிடம் பேசினார். ஒருகாலத்தில் வயலிருந்த குடும்பம். வயலெல்லாம் மனைகளாகிவிட்டபின் இரண்டு கறவைமாடுகள் மிஞ்சியிருந்தன. தெரு முழுதும் அவரிடம்தான் பால் வாங்கியது.

“இத பாருங்க சார், நான் கெட்டவ இல்ல. புருசன் செத்தவன்னு பாவம் பாத்துத்தான் ஊடு குட்தேன். இப்ப பஸ்டாண்டு செவுத்துல அவ மூஞ்சி கீது. கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது?”

“தொட்டா வராதும்மா. ஒரே தட்டுல சாப்ட்டாக்கூட வராது” என்று செயலாளர் தொடங்கினார். கொசுக்கடி, இருமல், பொதுக்குழாய் என்று அவர் விளக்கிமுடிக்கும்வரை வீட்டுக்காரம்மா பொறுமையாக வைக்கோல் உதறினார்.

“நீ சொல்லுவ. உனக்கு அது வேல. நெசமாவே ஒண்ணும் ஆகாதுன்னா ஒண்ணு பண்ணு. போஸ்டர்ல சாப்ட்டேன்னு போட்டுகினு கீறாரே, அவர இட்டுகினு வா. இதே வாசல்ல, இவ ஆக்கி, இவ போட்டு, தெரு பாக்கச் சாப்பிடட்டும். அப்புறம் நான் ஏன் இவள வெரட்டப் போறேன்?”

செயலாளரின் முகம் மலர்ந்தது. அவருக்குச் சமபந்திக்கு ஒரு தெருவே கிடைத்துவிட்டது. பஸ்ஸுக்கு நடக்கும்போது, வழியனுப்பக் கூடவந்த அக்கா என்னை நெருங்கி, “அவரு துன்ன மாட்டாரு. அவரு இலைய எடுத்தவ நானு. சார்ட்ட சொல்லு” என்றார்.

சொன்னேன். அவகாசம் கேட்கலாம், வேறு பகுதியில் அறை தேடலாம், தையல் மிஷினைப் போடும் இடமாகப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். ஒரு குடும்பத்தின் கூரையை, நாம் அறவே நம்ப முடியாத ஒருவரின் வாயை நம்பிப் பந்தயம் வைக்கிறோம் என்றேன்.

“அன்னிக்கு அவருக்கு வயிறு சரியில்லாம இருந்திருக்கும். மனுசன நம்பணும்மா. நம்பிக்கை இல்லாம இந்த வேலைய செய்யக்கூடாது” என்றார் செயலாளர். மனிதர்களை நம்புவது அவருக்குச் செலவில்லாத காரியம். அதற்கான விலையைக் கொடுக்கவேண்டியவர் அக்காதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அந்த விருந்து நடந்தது. முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல், ரசம், அப்பளம். அக்கா விடியலிலிருந்து சமைத்திருந்தார். கொட்டகைக்கும் பின்கட்டுக்கும் நடுவே முற்றத்தில் பாய் விரித்து மூன்று இலைகள் போட்டோம்: மண்டபத்துக்காரருக்கும், செயலாளருக்கும், எனக்கும். தெருப் பெண்கள் வேலியோரம் நின்றார்கள். அம்பாசடர் காரில் தன் ஆட்களுடனும் படக்காரருடனும் மண்டபத்துக்காரர் வந்திறங்கினார்.

செயலாளரும் நானும் வழித்துச் சாப்பிட்டோம். அதை ஒருவரும் கவனிக்கவில்லை; நாங்கள் சங்கத்து ஆட்கள். எல்லாக் கண்களும் அந்த ஒரு இலையின்மேல் இருந்தன. அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளத்தை உதட்டருகே உயர்த்தி நிறுத்தினார். ஒளி மின்னியதும் கை தாழ்ந்தது. பிறகு இடக்கையை ஆட்டி, வேலியோரத்தைப் பார்த்துத் தாய்மார்களின் சக்தியைப்பற்றிப் பேசத் தொடங்கினார்.

“பேசனது போதும், துன்னு நைனா. சோறு ஆறிப் போவுது” என்றது வேலியோரத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். பொரியலைச் சோற்றுக்கடியில் தள்ளினார். அப்பளத்தை நொறுக்கி மேலே தூவினார். அவருடைய விரல்கள் அதில் நன்கு பழகியவை. “இன்னொரு கல்யாண வீட்ல காத்துகினு கீறாங்க. அங்கயும் கை நனைக்கணும், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றபடி இலையை மடித்து எழுந்துவிட்டார்.

மடித்த இலை. தூரத்தில் நின்றவர்களுக்கு அது உண்டு முடித்த இலைதான். வேலியோரத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஏறக்குறைய இணக்கமான முணுமுணுப்பு. அந்த இலை மட்டும் வேறொருவர் கைக்குப் போகாதிருந்தால் அறை அக்காவுக்கு நிலைத்துவிடும். அக்காவும் அதைப் புரிந்துகொண்டார். ரசப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு இலையை நோக்கி விரைந்தார். அந்த நிமிஷத்தில் நான் கண்டதைவிட அருவருப்பான ஒன்றைப் பிறகு கண்டதில்லை: தன் சோற்றை அசுத்தமென்று ஒதுக்கியவனின் எச்சில்படாத இலையை, அவன் மானத்தைக் காப்பதற்காக, அக்காவே ஓடி ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டுக்காரம்மா முந்திக்கொண்டார். அவர் சோதித்துப் பார்க்க வந்தாரென்று நான் நினைக்கவில்லை. அந்த வீட்டில் விருந்து முடிந்தால் இலை மாட்டுக்குப் போகும். அது பழக்கம், அவர் கை தானாக நீண்டது. இலையைத் தூக்கியவர் நின்றார். மாட்டுத் தொட்டியருகே கொண்டுபோய்ப் பிரித்தார்.

“இன்னாயா இது? சோறு போட்டது போட்டாப்லயே கீது” என்றார். மண்டபத்துக்காரரின் கார்க் கதவு அதற்குள் சாத்தப்பட்டுவிட்டது. கார் நகர்ந்த திசையைப் பார்த்து வீட்டுக்காரம்மா பேசினார்: “வெளைய வச்சவங்க ஊட்டுக்கு வந்து சோத்தப் பொதச்சு வச்சுட்டுப் போறான். பிசைஞ்சு, மறைச்சு… த்தூ.” துப்பினார். அதே கோபத்தில் இலையைச் சோற்றோடு தொட்டியில் வீசினார். மாடு தலையை நுழைத்தது. இலையும் சோறும் சாம்பாரும் நிதானமாக உள்ளே போயின.

வேலியோரத்துப் பெண்கள் மாட்டையே பார்த்தார்கள். பிறகு, முன்பு பேசிய அதே குரல் கேட்டது.

“யக்கா, நாளைக்கு எங்களுக்கு ஊத்துற பாலு, இந்த மாட்டுதுதானே?”

வீட்டுக்காரம்மா திரும்பினார். தாம் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மாட்டைப் பார்த்தார், வேலியில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் அத்தனை பேரும் அவரிடம் பால் வாங்குகிறவர்கள்.

“ஆமா, இதே மாடுதான். அதுக்கு இன்னா இப்ப?”

“அவ கையால ஆக்குன சோறு துன்னுதே.”

“துன்னா? துன்னா இன்னா ஆயிடும்?”

“நீதானே சொன்ன, ஆவும்னு.”

“நான் எப்பச் சொன்னேன்? சார் சொன்னாருல்ல, சாப்ட்டா ஒண்ணும் வராதுன்னு. காதுல வாங்கிக்கலயா நீ? ஒண்ணும் ஆவாது. மாட்டுக்கும் ஆவாது, உனக்கும் ஆவாது.”

நேற்றுவரை அறையைக் காலிசெய்யச் சொன்ன வாய் இது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். இனி அக்காவை வெளியேற்றினால் தம் பாலைத் தாமே விஷம் என்று சொன்னதாகும். அந்த ஒரு கணக்கில் அறை அக்காவுக்கு நின்றது.

மறுநாள் காலையில் நடந்ததை அக்காதான் எனக்குச் சொன்னார். வீட்டுக்காரம்மா பால் கறந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சொம்புகளோடு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் முன்னே வரவில்லை. அக்கா தன் சொம்பை எடுத்துப்போய் முதலில் நீட்டினார்.

“ஊத்துனாங்களா?”

“ஊத்தாம? ஒசரத் தூக்கி ஊத்துச்சு. சொம்புல பட்டுடப் போவுதுன்னு கைய எவ்ளோ தூரம் வச்சுகினு… ஆனா அளவு கொறைக்கல. அப்புறம்தான் ஒவ்வொருத்தியா வந்தா.” சற்று நிறுத்தி, “உங்க சங்கத்துல அந்த மாட்ட ஒரு மெம்பராச் சேத்துக்கோங்க மேடம். வந்த ஆளுங்கள்லயே நெசமாத் துன்னது அது ஒண்ணுதான்” என்றார்.

வீட்டுக்காரம்மா மனம் மாறிவிட்டதாக எழுத எனக்கு ஆசைதான். மாறவில்லை. அடிபம்பின் கைப்பிடியை அக்கா தொட்டபின் தண்ணீர் விட்டுக் கழுவினார். கொடியில் அவருக்கென்று தனி முனை ஒதுக்கினார். ஜாக்கெட்டுகளில் பாதி திரும்பி வந்தன, பாதி வரவேயில்லை. ஆயினும் மகள் அதே பள்ளிக்குப் போனாள். அக்கா அந்த அறையிலேயே, அதே சன்னலோரத்தில் தைத்துக்கொண்டு, தன் கடைசி நாள்வரை இருந்தார். மருந்து எட்டும் விலைக்கு வந்தபோது அவர் இல்லை.

செயலாளருக்கு இந்த நிகழ்ச்சி பெரும் வெற்றியாகத் தோன்றியது. “பாத்தியாம்மா, கூட உக்காந்து சாப்ட்டதும் பயம் போயிடுச்சு” என்றார். யார் யாரோடு உட்கார்ந்து எதைச் சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. நல்லவர்தான், அவர் கையால் பிழைத்தவர்கள் பலர். தாம் நேரில் பார்த்ததைக்கூட தம் கொள்கைக்கு ஏற்பத் திருத்திப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. அந்த நல்ல மனிதரிடம்கூட எனக்கு அன்று ஏற்பட்டது வெறுப்புதான்.

அடுத்த மாதச் சமபந்திக்கு அவர் அக்காவைப் பரிமாற அழைத்தார். அறை இனி போகாது என்பதாலோ, முகத்தை இனி மறைக்க வேண்டியதில்லை என்பதாலோ, அக்கா அவரை நேராகப் பார்த்துப் பேசினார்.

“வரேன் சார். பரிமாறுறேன். ஆனா இலைய நானும் மேடமும் எடுக்கமாட்டோம். துன்னவங்க அவங்கவங்க இலைய, மடிக்காம, அவங்களே எடுத்துப் போடட்டும்.”

சமத்துவத்துக்கு அதுவும் பொருத்தமாக இருக்கிறதே என்று செயலாளர் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். அந்தப் பந்தியில் விருந்தினர்கள் ஒவ்வொருவராகத் திறந்த இலையை இரு கைகளாலும் ஏந்தி, மேடையைக் கடந்து, தொட்டிவரை நடக்க வேண்டியதாயிற்று. தொட்டியருகே அக்கா கரண்டியோடு நின்று, ஒவ்வோர் இலையையும் பார்த்து, “போதுமா சார், இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்று மரியாதையாகக் கேட்டார். சிலர் அங்கேயே நின்று மிச்சத்தை வாயில் திணித்தார்கள். விழுங்கும்போது அவர்கள் முகம் போன போக்கு இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அதற்கடுத்த மாதம் பாதிப்பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் வந்தவர்கள் மிகச் சிலர். பாய்களில் இடம் நிறையக் காலியாக இருந்ததால், பரிமாறியவர்களும் அன்று முதன்முறையாகப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டார். அதன்பின் சமபந்தி நடக்கவில்லை.

சங்கத்தின் வரலாறு என்று ஒரு சிறுநூல் அண்மையில் எனக்கு வந்தது. அதில் அந்த மண்டபத்துக்காரர் கவளத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் படம் முழுப்பக்கத்தில் இருக்கிறது. அவர் உண்டு காட்டியதால் ஓர் ஏழைப் பெண்ணின் வீடு காப்பாற்றப்பட்டது என்று அடியில் எழுதியிருக்கிறார்கள். மாதச் சமபந்தி பிற்காலத்தில் நிதிப் பற்றாக்குறையால் நின்றுபோனதாம்.